நன்றி நோட்டு ஏழாம் நாளே ஏன் படுத்துவிடுகிறது?

படிக்கட்டு | 2024 ஜனவரி 6, இரவு 10.52

புத்தாண்டுக்கு ஆரம்பித்த நோட்டு. படுக்கும் முன் நன்றி சொல்ல மூன்று விஷயம் எழுத வேண்டும் என்றார்கள். முதல் நாள்: குடும்பம், உடம்பு, வேலை. இரண்டாம் நாள்: வேலை, உடம்பு, குடும்பம். இன்று ஆறாம் நாள், "மேற்படி" என்று எழுதிவிட்டேன். எல்லாருக்கும் இப்படித்தானா? நன்றி நோட்டு, பாசிட்டிவ் சிந்தனை இரண்டுமே ஏமாற்று வேலை என்பது என் கட்சி. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும். பொன்மொழி வேண்டாம்.

கோடுபோட்டநோட்டு | ஜனவரி 7, காலை 6.20

"மேற்படி" வரை வந்துவிட்டதென்றால் நோட்டுக்குக் கருமாதியே முடிந்துவிட்டது. பரவாயில்லை, எழுப்பலாம்.

நீங்கள் எழுதிய மூன்றும் பெயர்ச்சொல். கோளாறு அங்கேதான். குடும்பம் நேற்றும் இருந்தது, நாளைக்கும் இருக்கும். மாறாமல் கிடப்பதை மனம் சீக்கிரமே கணக்கிலிருந்து எடுத்துவிடும். ஓடுகிற மின்விசிறியின் சத்தம் கரண்ட் போனால்தான் காதில் உறைக்கும். அதனால் வினைச்சொல்லில் எழுதுங்கள்: யார், எத்தனை மணிக்கு, என்ன செய்தார்.

தப்பு: "நல்ல அக்கம்பக்கம்."
சரி: "காலை 6 மணி. பால் போடுகிறவர் மணி அடிக்காமல் பையைக் கொக்கியில் மாட்டிவிட்டுப் போனார். கைக்குழந்தை இருப்பது அவருக்குத் தெரியும்."

தப்பு: "பயணம் நல்லபடியாக முடிந்தது."
சரி: "டிக்கெட்டுக்குப் பின்னால் எழுதித் தந்த மீதி 7 ரூபாயை, இறங்குகிற நெரிசலில் நடத்துநரே கூப்பிட்டுக் கொடுத்தார்."

சரி என்று போட்டிருப்பவற்றை மறுநாள் அப்படியே எழுத முடியாது. "மேற்படி"க்கும் இடமில்லை.

கட்டுப்பாடு மூன்று. கடந்த 24 மணி நேரத்தில் நடந்ததாக இருக்க வேண்டும். ஒரே ஆள் திரும்ப வரலாம், ஒரே செயல் திரும்ப வரக்கூடாது. ஒவ்வொன்றின் கீழும் "இது ஏன் நடந்தது" என்று ஒரு வரி.

அந்த "ஏன்" ஒப்புக்குச் சேர்த்ததில்லை. 2005-ல் அமெரிக்க உளவியலாளர் மார்ட்டின் செலிக்மனும் கூட்டாளிகளும் இணையம் வழியே 577 பேரைச் சேர்த்துச் சில பயிற்சிகளைச் சோதித்தார்கள். கடைசிவரை நின்று எல்லாப் படிவத்தையும் நிரப்பியவர்கள் 411 பேர். அதில் ஒரு பயிற்சிதான் இந்த மூன்று விஷயம்: ஒரு வாரம், தினமும் இரவு, நன்றாக நடந்த மூன்று, ஒவ்வொன்றும் ஏன் நடந்தது. ஒப்பிட வைத்த குழு தினமும் இரவில் சிறுவயது நினைவுகளை எழுதியது. மூன்று விஷயக் குழுவுக்கு ஆறு மாதம் கழித்தும் மனநிலை மேலாக இருந்தது. வாட்ஸாப் வழியாக நம்மிடம் வந்து சேர்வதற்குள் "ஏன்" நடுவழியில் எங்கோ விழுந்துவிட்டது.

ஆக, ஒரு வாரம் ஒழுங்காகச் செய்தால் போதும், ஆறு மாதம் தாங்கும்.

மிளகுரசம் | ஜனவரி 7, காலை 9.05

"இன்னைக்கு கரண்ட் போகல"ன்னு எழுதலாமா?

கோடுபோட்டநோட்டு | ஜனவரி 7, காலை 9.31

தாராளமாக. ஆனால் "ஏன்" வரியை நிரப்ப வேண்டும். போன வாரம் பகல் முழுக்க மின்தடை அறிவித்து, கம்பியில் உரசிய கிளையை வெட்டினார்களே, அதுதான் காரணமாக இருக்கும். அன்றைக்கு அவர்களைத் திட்டியிருப்போம்.

உப்புக்கல் | ஜனவரி 8, இரவு 11.40

ஆய்வை எடுத்துப் போடுகிறவர் பாதியோடு நிறுத்தக்கூடாது. 2016-ல் நன்றிப் பயிற்சிகளைப் பற்றி, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்கிற ஒரு தொகுப்பாய்வு வந்தது. எதுவுமே செய்யாமல் படிவம் மட்டும் நிரப்பியவர்களோடு ஒப்பிட்டால் நன்றி எழுதியவர்கள் முந்துகிறார்கள். வேறு ஏதோ ஒரு நல்ல பயிற்சி செய்தவர்களோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் இல்லை. 2021-ல் க்ரெக், செவென்ஸ் என்ற இருவர் மனச்சோர்வையும் பதற்றத்தையும் மட்டும் எடுத்துப் பார்த்தார்கள். பலன் இருக்கிறது, ஆனால் சிறியது. அந்த நோய்களுக்கு வைத்தியமாக இதைக் கொடுக்கவேண்டாம் என்பதே அவர்கள் சொன்னது.

கோடுபோட்டநோட்டு | ஜனவரி 9, காலை 5.50

ஒப்புக்கொள்கிறேன். அதோடு என் பிழையையும் திருத்திவிடுகிறேன். "ஒரு வாரம் போதும், ஆறு மாதம் தாங்கும்" என்று எழுதியது தவறு. அதே 2005 கட்டுரையிலேயே இருக்கிறது: வாரம் முடிந்த பிறகும் யாரும் சொல்லாமலே தொடர்ந்து எழுதியவர்களிடம்தான் பலன் தங்கியது. ஊசி போட்டுவிட்டு மறந்துவிடுகிற கதை இல்லை, தினம் பல் தேய்க்கிற கதை.

தினமும் என்பதற்கும் ஒரு "ஆனால்" உண்டு. சோனியா லியுபோமிர்ஸ்கி குழு 2005-ல் எழுதிய கட்டுரையில் வேறொரு சோதனை வருகிறது. ஆறு வாரம், ஒரு குழு வாரம் ஒரு முறை, இன்னொரு குழு வாரம் மூன்று முறை. ஏற்றம் கண்டது ஒரு முறை எழுதியவர்கள் மட்டும். மூன்று முறைக்காரர்களுக்கு அது வீட்டுப்பாடமாகிவிட்டது என்பது அவர்கள் கணிப்பு.

இரண்டையும் சேர்த்தால் நடைமுறையில் இப்படி வரும்: முதல் ஒரு வாரம் தினமும். அது கண்ணுக்குப் பயிற்சி. நாள் முழுக்க "இதை எழுதலாமே" என்று கவனிக்கிற பழக்கம் அப்போதுதான் பிடிபடும். எட்டாம் நாளிலிருந்து வாரத்தில் ஒரு நாள், வேண்டுமானால் இரண்டு. கை சலித்தால் இடைவெளியைக் கூட்டுங்கள், வரிகளைக் குறைக்காதீர்கள். மூன்று வரி எழுதுகிறவர் ஒரு வரிக்கு இறங்கினால் அடுத்தது "மேற்படி"தான்.

கோடுபோட்டநோட்டு | ஜனவரி 9, காலை 6.15

நேரம் பற்றிச் சொல்ல விட்டுப்போனது. படுக்கையில் படுத்துக்கொண்டு எழுதக்கூடாது. தூக்கம் ஜெயிக்கும், அல்லது இரண்டு வரி எழுதிய கை போனுக்குப் போகும். ஒன்பதரைக்கு அலாரம் வைப்பதும் நான்கு நாளுக்குத்தான் வேலை செய்யும், அப்புறம் விரல் தானாகத் தள்ளிவிடும். ஏற்கெனவே தவறாமல் நடக்கிற ஒரு வேலையின் வாலில் கட்டுங்கள். பாலுக்கு உறை ஊற்றியதும் நோட்டு. கேட்டைப் பூட்டியதும் நோட்டு. நோட்டும் அந்த இடத்திலேயே, அடுப்படி ஜன்னலிலோ சாவிக் கொக்கிக்குப் பக்கத்திலோ, பேனாவைக் கயிற்றில் கட்டி. பேனா தேடப் போனவர் திரும்பி வருவதில்லை.

எட்டு முதல் பத்து நிமிடம். அதைத் தாண்டினால் கட்டுரை எழுதுகிறீர்கள் என்று அர்த்தம்.

படிக்கட்டு | ஜனவரி 9, பகல் 1.10

மழை பெய்தது, நிலா நன்றாக இருந்தது என்றெல்லாம் எழுதலாமா? யாரும் செய்யாத நல்லதுகள்.

கோடுபோட்டநோட்டு | ஜனவரி 9, பகல் 1.22

மூன்றில் ஒன்று.

மிளகுரசம் | ஜனவரி 11, இரவு 8.45

யார், என்னைக்கு, எவ்வளவு செஞ்சாங்கன்னு வரிசையா எழுதுறது... எங்க ஊர்ல இதுக்குப் பேரு மொய் நோட்டு. பேராவூரணி பக்கம் ஆடி மாசம் வந்து பாருங்க, நன்றி மேளதாளத்தோட நடக்கும்.

கோடுபோட்டநோட்டு | ஜனவரி 12, காலை 6.02

சிரித்தேன். ஆனால் இந்த இழையிலேயே உருப்படியான கேள்வி இது.

மொய் நோட்டில் பெயர், ஊர், தொகை இருக்கும். அவர் வீட்டு விசேஷத்துக்குப் போகும் முன் பக்கத்தைப் புரட்டி, வாங்கியதற்குக் குறையாமல், முடிந்தால் கொஞ்சம் கூட்டி வைப்போம். அது நேர்மையான ஏற்பாடு. புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கம் மொய் விருந்தில் எழுந்த வீடுகள் எத்தனையோ, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது கடன், திருப்பியதும் கணக்கு முடியும். நன்றிக்கு முடிவு கிடையாது.

சாரா அல்கோ என்ற ஆய்வாளர் நன்றியையும் கடன்பட்ட உணர்வையும் வேறு வேறாகப் பிரித்துப் பார்த்திருக்கிறார். உதவி செய்தவர் திருப்பி எதிர்பார்க்கிறார் என்று தோன்றினால் வாங்கியவருக்குள் கடன் கனக்கிறது. "நமக்கு என்ன தேவை என்று பார்த்துச் செய்திருக்கிறார்" என்று தோன்றினால் நன்றி வருகிறது, அவரோடு நெருங்கத் தோன்றுகிறது.

வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு வரி எழுதி முடித்ததும் "இதற்கு என்ன திருப்பிச் செய்வது" என்று முதுகு விறைத்தால் அது மொய் வரி. "அவரோடு ஒரு டீ குடிக்கலாம்" என்று தோன்றினால் நன்றி வரி. மொய் வரியைக் கிழிக்க வேண்டாம், ஓரத்தில் "மொ" என்று குறித்துவிட்டுத் தனியாகத் தீர்த்துக்கொள்ளுங்கள். நோட்டு முழுக்க "மொ" விழுந்தால் உங்களைச் சுற்றி இருப்பவர்கள் கணக்குப் பார்த்துச் செய்கிறார்கள், அல்லது நீங்கள் அப்படி நினைத்துக்கொள்கிறீர்கள். இரண்டில் எது என்பது நோட்டைவிடப் பெரிய வேலை.

கோடுபோட்டநோட்டு | ஜனவரி 12, இரவு 9.30

பொன்மொழி வேண்டாம் என்று படிக்கட்டு தடை போட்டிருக்கிறார். இதைப் பொன்மொழியாக எடுக்காமல் இலக்கணக் குறிப்பாக எடுத்துக்கொள்ளவும்.

இன்று "நன்றி" என்றால் வாயால் சொல்வது. பழைய தமிழில் அந்தச் சொல்லுக்கு நன்மை என்றே பொருள். "நன்றிக்கு வித்தாகும் நல்லொழுக்கம்" என்ற குறளில் உள்ள நன்றி நன்மைதான், தேங்க்ஸ் கிடையாது. பதினொன்றாம் அதிகாரத்தின் தலைப்பு செய்ந்நன்றியறிதல்: செய்யப்பட்ட நன்மையை அறிதல். சொல்லுதல் என்றோ உணர்தல் என்றோ வைக்கவில்லை, அறிதல். ஒன்றை அறிய வேண்டுமென்றால் விவரம் வேண்டும். நோட்டில் பெயர்ச்சொல் வேண்டாம் என்று நான் ஏழாம் தேதி சொன்னதும் இதே காரணத்துக்குத்தான்.

என்னென்ன விவரம்? அதிகாரத்தின் முதல் மூன்று குறளும் மூன்று அளவுகோல். 101: நாம் முன்பு எதுவும் செய்யாதிருந்தும் அவர் செய்தது. 102: வேண்டிய நேரத்தில் செய்தது. 103: என்ன கிடைக்கும் என்று எடைபோடாமல் செய்தது. இருபதாம் நூற்றாண்டு உளவியலில் நன்றியை ஆராய்ந்தவர்களும் மூன்றுதான் பார்க்கிறார்கள்: செய்தவரின் நோக்கம், அவருக்கு ஆன செலவு, நமக்குக் கிடைத்த மதிப்பு. இரண்டும் ஒன்றே என்று சொல்ல மாட்டேன். "செலவு" குறளில் நேரடியாக இல்லை, "வேண்டிய நேரம்" அவர்களிடம் தனியாக இல்லை. சேர்த்தால் நோட்டுக்கு நான்கு கட்டம் கிடைக்கும்: கேட்டேனா, கேட்காமலா? எந்த நேரத்தில்? அவருக்கு என்ன செலவு (பணம், தூக்கம், மானம்)? எனக்கு என்ன ஆனது?

தினமும் நான்கையும் நிரப்ப வேண்டாம். மூன்று வரியில் ஏதாவது ஒன்றுக்குப் போதும். "செலவு" கட்டம்தான் அதிகம் காலியாகக் கிடக்கும். அதை நிரப்பத் திணறினால் சரியான வரியைப் பிடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

படிக்கட்டு | ஜனவரி 13, காலை 7.40

இலக்கணக் குறிப்பாம்! சரி, ஏற்றுக்கொள்கிறேன். வீட்டில் எட்டு வயசு ஒன்று இருக்கிறது. "ஆன்ட்டிக்குத் தேங்க்ஸ் சொல்லு" என்றால் செருப்பைப் பார்த்துக்கொண்டு முனகும்.

உப்புக்கல் | ஜனவரி 13, காலை 8.15

முனகலோடு விட்டுவிடுங்கள், அது மரியாதைப் பாடம், தனி. நன்றிப் பாடம் வேறு இடத்தில் நடக்கணும். அமெரிக்கப் பள்ளிகளில் ஜெஃப்ரி ஃப்ரோ குழு 8 முதல் 11 வயதுப் பிள்ளைகளிடம் செய்த பாடம் 2014-ல் வந்தது. தேங்க்ஸ் சொல்லப் பழக்கவில்லை. கதைகளை வைத்து, உதவினவர் வேண்டுமென்றே செய்தாரா, அவருக்கு என்ன போச்சு, உனக்கு என்ன கிடைச்சுது என்று மூன்றை மட்டும் யோசிக்கப் பழக்கினார்கள். வீட்டில் ராத்திரி சாப்பாட்டின்போது ஒரே கேள்வி போதும்: "இன்னைக்கு உனக்கு யார் என்ன பண்ணினாங்க? அவங்க ஏன் பண்ணியிருப்பாங்க?" பிள்ளை "தெரியலையே" என்றால் விட்டுவிடணும். பதிலை நாமே ஊட்டினால் அடுத்த நாள் நமக்குப் பிடித்த பதிலைத்தான் சொல்லும்.

மிளகுரசம் | ஜனவரி 13, பகல் 12.30

பெரியவங்களுக்கே வராதுங்க. அம்மாகிட்ட "நன்றி அம்மா"ன்னு சொன்னா நெத்தியில கைவெச்சு ஜுரம் இருக்கான்னு பாப்பாங்க.

கோடுபோட்டநோட்டு | ஜனவரி 14, காலை 6.40

ஏனென்றால் வீட்டுத் தமிழில் நன்றி என்ற சொல்லுக்கு வேலையே இல்லை. மேடையில், அழைப்பிதழின் அடியில், அறிவிப்பின் முடிவில் வரும். வீட்டுக்குள் வந்தால் ஆளைத் தள்ளி நிறுத்துகிற மாதிரி இருக்கும். பெரியவர்கள் வழி வேறு: "நல்லா இருப்ப", "நீ இல்லேன்னா திண்டாடியிருப்பேன்". செய்தவரைப் பற்றிய பேச்சு.

இதே திசையில் அல்கோ 2016-ல் தம்பதிகள் நன்றி சொல்வதைப் பதிவுசெய்து பிரித்தார். "எனக்கு எவ்வளவு வசதியா போச்சு தெரியுமா" என்பது தன் பலனைச் சொல்வது. "எவ்வளவு யோசிச்சு செஞ்சிருக்க" என்பது அவர் குணத்தைச் சொல்வது. கேட்டவரைத் தொட்டது இரண்டாவது வகை. அதனால் "ரசம் நல்லா இருந்துச்சு" என்பதைவிட "தொண்டை கட்டியிருக்கறத கவனிச்சு மிளகு கூடப் போட்டிருக்கீங்க" என்பது ஆழமாகப் போகும். நன்றி என்ற சொல் தேவையே இல்லை, கவனித்ததைச் சொன்னால் போதும்.

பொங்கல் நெருங்குகிறது. மாட்டுக்கு ஒரு நாள், சூரியனுக்கு ஒரு நாள் ஒதுக்கிய ஊர். அம்மாவுக்கு மட்டும் ஜுரம் பார்க்கிறார்கள்.

கோடுபோட்டநோட்டு | ஜனவரி 14, காலை 6.44

"பொங்கல் நெருங்குகிறது" என்று எழுதிவிட்டேன். இன்றைக்கே போகி. விடியலில் எரித்த டயர் புகையில் கண் தெரியவில்லை என்று வைத்துக்கொள்ளவும்.

கோடுபோட்டநோட்டு | ஜனவரி 19, இரவு 10.05

கடிதம் பற்றி இருவர் தனியாகக் கேட்டார்கள், பொதுவிலேயே எழுதுகிறேன்.

செலிக்மன் சோதித்ததில் நன்றிக் கடிதமும் உண்டு: ஒழுங்காக நன்றி சொல்லாமல் விட்ட ஒருவருக்கு எழுதி, நேரில் போய்க் கொடுப்பது. எல்லாப் பயிற்சியிலும் உடனடி ஏற்றம் இதற்குத்தான் அதிகம். ஆனால் மூன்று மாதத்துக்குள் வடிந்துவிட்டது. தீபாவளி மாதிரி: வெளிச்சம் பெரிது, வருஷத்துக்கு ஒரு தடவை.

எழுதும் முறை. ஒரு பக்கம், 250 முதல் 300 சொல். முதல் பத்தியில் அவர் செய்த ஒரே ஒரு செயல், இடம் நேரத்தோடு. "எத்தனையோ உதவிகள்" என்று ஆரம்பித்தால் கடிதம் அங்கேயே செத்தது. இரண்டாவதில் அது எதை மாற்றியது. மூன்றாவதில் இன்று நீங்கள் எங்கே இருக்கிறீர்கள், அந்தச் செயல் அதில் எங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது. முடிக்க ஒரு வரி. அதோடு வேறு எந்த விண்ணப்பமும் போகக்கூடாது. தம்பி பையனுக்கு வேலை, இடத்துக்கு விலை, எதுவும் அந்த மாதம் முழுக்கக் கூடாது. இவ்வளவு வருஷம் கழித்துக் கூப்பிட்டால் "என்னப்பா, பணம் எதுவும் வேணுமா?" என்பதுதான் அவர் முதலில் கேட்பார். கேட்டால் "இல்லை" என்று சொல்லும் நிலையில் இருக்க வேண்டும்.

தயக்கம் வரும். அமித் குமார், நிக்கலஸ் எப்லி இருவரும் 2018-ல் காட்டியது இது: கடிதம் எழுதியவர்கள், பெறுகிறவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று உள்ளதைவிட அதிகமாக நினைத்தார்கள், அவர் அடையப்போகும் மகிழ்ச்சியைக் குறைத்தே மதித்தார்கள். நம் கவலையெல்லாம் சொல் சரியாக வந்ததா என்று. வாங்குகிறவர் சொல்லைப் பார்ப்பதில்லை, நினைவு வைத்திருந்ததைப் பார்க்கிறார்.

உப்புக்கல் | ஜனவரி 20, காலை 9.00

இரண்டு வாரமாக நன்றியையே ஓட்டுகிறீர்கள். படிக்கட்டு கேட்ட இரண்டாவது பாதி? பாசிட்டிவ் சிந்தனை?

கோடுபோட்டநோட்டு | ஜனவரி 21, மாலை 5.30

அதில் படிக்கட்டு கட்சிக்குப் பாதி வெற்றி என்பதால் தள்ளிப்போட்டேன்.

கண்ணாடி முன் நின்று "நான் வெல்வேன், நான் அருமையானவன்" என்று சொல்வது. ஜோன் வுட் குழு 2009-ல் சோதித்தது: மணி ஒலிக்கும்போதெல்லாம் "நான் அன்புக்குரியவன்" என்ற பொருளில் ஒரு வரியைச் சொல்ல வேண்டும். தன்னைப் பற்றி ஏற்கெனவே நல்ல எண்ணம் உள்ளவர்களுக்குச் சிறிது மேலே போனது. தாழ்ந்த எண்ணம் உள்ளவர்கள், அந்த வரியைச் சொல்லாத தம் போன்றவர்களைவிட மோசமாக உணர்ந்தார்கள். சொன்னதும் உள்ளே ஒரு குரல் "யாரு, நீயா?" என்று கேட்கும், அதற்கு ஆதாரமும் எடுத்து நீட்டும். யாருக்குத் தேவை என்று விற்கிறார்களோ அவருக்குத்தான் கெடுதல்.

கற்பனை வகை அடுத்தது: வெற்றியை மனக்கண்ணில் காண். கேப்ரியேல் ஓட்டிங்கன் 1991-லேயே உடல் எடை குறைக்கும் திட்டத்தில் சேர்ந்த பெண்களிடம் இரண்டைத் தனித்தனியே அளந்தார். "என்னால் குறைக்க முடியும்" என்று எதிர்பார்த்தவர்கள் அதிகம் குறைத்தார்கள். மெலிந்த உருவத்தை இனிமையாகக் கற்பனை செய்தவர்கள் குறைவாகவே குறைத்தார்கள். நம்பிக்கை வேறு, கனவு வேறு. கனவிலேயே போய்ச் சேர்ந்துவிட்ட உடம்பு எழுந்து நடக்காது. நினைப்பு பிழைப்பைக் கெடுத்தது என்று ஊரில் சொல்வார்கள்.

அவர் கொடுத்த மாற்று நான்கு படி. விருப்பம், விளைவு, தடை, திட்டம். மாலை நடையை வைத்துச் செய்து பார்ப்போம்.

விருப்பம்: நான்கு வாரத்துக்கு, வாரம் நான்கு நாள், 30 நிமிட நடை. எட்டுவது கடினம், ஆனால் முடியாததில்லை என்ற அளவில் வைக்க வேண்டும்.
விளைவு: கிடைக்கப்போவதில் சிறந்த ஒன்று. ராத்திரி முதுகு வலிக்காமல் படுப்பது. ஒரு நிமிடம் கண்ணை மூடி அதைப் பாருங்கள்.
தடை: உங்களுக்குள்ளே இருப்பது. "மழை", "டிராஃபிக்" என்று எழுதினால் தேர்வில் தோல்வி. "வீட்டுக்கு வந்ததும் ஐந்து நிமிஷம் போன் பார்க்கலாம் என்ற சபலம்", இதுதான் விடை.
திட்டம்: "பையைக் கீழே வைத்ததும், உட்காராமல் ஷூவை மாட்டுவேன்." இன்னது நடந்ததும் இன்னது செய்வேன் என்ற அச்சில் ஒரே ஒரு வாக்கியம்.

கெடுகிற இடங்கள்: தடையை முதலில் எழுதிவிட்டு விளைவைப் பிறகு எழுதுவது, வரிசை மாறினால் வேலை செய்யாது. "போன் பார்க்க மாட்டேன்" என்று எதிர்மறையில் திட்டம் போடுவது, அது போனைத்தான் ஞாபகப்படுத்தும். ஒரே நாளில் மூன்று விருப்பத்துக்குத் திட்டம் போடுவது.

சில சமயம் தடை எழுதும்போதே "இது நடக்காது" என்று புரியும். அது பயிற்சியின் தோல்வியில்லை. விட வேண்டியதைச் சீக்கிரம் விடுவதும் இதன் வேலைதான்.

படிக்கட்டு | ஜனவரி 21, இரவு 7.15

பாதி வெற்றியைப் பதிவு செய்துகொண்டேன்.

கோடுபோட்டநோட்டு | ஜனவரி 23, காலை 6.10

நோட்டு மறுபடி சலிக்கும்போது ஒரு மாற்று. மிங்க்யுங் கூ, டிமத்தி வில்சன் முதலியோர் 2008-ல் வெளியிட்டது. இருப்பதை எண்ணாமல், இல்லாமல் போயிருந்தால் என்று எழுதுவது. துணைவரை எப்படிச் சந்தித்தோம் என்று எழுதியவர்களைவிட, சந்திக்காமலே எப்படிப் போயிருக்கலாம் என்று எழுதியவர்களுக்குத் உறவில் நிறைவு அதிகம் தெரிந்தது. 15 நிமிடம், ஒரே ஒரு நல்ல நிகழ்வு, அது நடக்காமல் போவதற்கு இருந்த வழிகள்: அந்த பஸ்ஸைப் பிடித்திருந்தால், அந்த விண்ணப்பத்தைக் கடைசி நாளில் போடாமல் விட்டிருந்தால். பழகிப்போனது மறுபடி ஆச்சரியமாகும்.

மாதம் ஒரு தடவைக்கு மேல் வேண்டாம். சமீபத்தில் யாரையாவது இழந்தவர் இதைத் தொடக்கூடாது. "இவரைச் சந்திக்காமல் போயிருந்தால்" என்ற தலைப்போடு நோட்டைச் சாப்பாட்டு மேசையில் திறந்து வைத்துவிட்டுப் போகவும் கூடாது.

மிளகுரசம் | ஜனவரி 23, காலை 8.20

கடைசி வரிக்கு மட்டும் நூறு லைக்.

உப்புக்கல் | ஜனவரி 27, இரவு 11.15

ஒன்று பாக்கி இருக்கிறது. "உனக்கு எவ்வளவு செஞ்சிருக்கோம், நன்றி இருக்கா?" என்று வேலையிடத்திலும் வீட்டிலும் வாயடைக்கிறார்களே, அதற்கு நீங்கள் எடுத்த குறள் அதிகாரம் என்ன சொல்கிறது? நன்றி மறந்தவருக்கு "உய்வில்லை" (தப்ப வழியில்லை) என்று மிரட்டத்தானே குறள் 110-ஐ எடுக்கிறார்கள்.

கோடுபோட்டநோட்டு | ஜனவரி 28, காலை 7.00

அந்த அதிகாரம் முழுக்க வாங்கியவரைப் பார்த்துப் பேசுகிறது. செய்தவர் எழுந்து நின்று கணக்குக் கேட்க அதில் ஒரு வரிகூட இல்லை. கேட்டால் 103-லேயே அடிபடுகிறார்: பயன் தூக்காமல் (எடைபோடாமல்) செய்த நன்மைதான் கடலைவிடப் பெரிது. தூக்கிப் பார்த்தவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. சம்பளம் செய்த வேலைக்குக் கூலி, அதற்கு நன்றிக் கட்டாயம் கிடையாது. அடிக்கிறவர் வாங்கிக் கொடுத்த புடவையும் நோட்டில் ஏற வேண்டியதில்லை. அங்கே எழுத வேண்டியது வேறு: தேதி, நேரம், நடந்தது. அது வழக்குக்கு உதவும்.

"உன்னைவிடக் கஷ்டப்படுகிறவர்களைப் பார்" என்பதும் நன்றி ஆகாது. அது ஆறுதல், அதுவும் அடுத்தவர் செலவில்.

இரண்டு வாரமாகத் தூக்கமோ பசியோ இல்லை, எதிலும் பிடிப்பில்லை, அழுகை நிற்கவில்லை என்றால் நோட்டை மூடிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். அந்த நிலையில் மூன்று நல்லது தேடினால் கிடைக்காது. கிடைக்காததையே குற்றமாக எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416, இலவசம், தமிழில் பேசலாம். இலங்கையில் 1926.

கோடுபோட்டநோட்டு | ஜனவரி 28, காலை 7.35

உப்புக்கல்லுக்குப் பதில் எழுதியபின் ஒரு மறுயோசனை. இந்த நோட்டு முழுக்க நமக்கு என்ன கிடைத்தது என்பதையே எழுதுகிறது. ஜப்பானில் இஷின் யோஷிமோட்டோ உருவாக்கிய நைக்கான் என்ற முறையில் கேள்வி மூன்று: இவரிடமிருந்து என்ன பெற்றேன்? இவருக்கு என்ன கொடுத்தேன்? இவருக்கு என்ன தொந்தரவு கொடுத்தேன்? பெரும்பாலும் அம்மாவில் ஆரம்பித்து, வயதைச் சில வருஷங்களாகக் கூறுபோட்டு, ஒரு வாரம் உட்காருவார்கள். அதிக நேரம் மூன்றாவது கேள்விக்கு. "அவர் எனக்கு என்ன தொந்தரவு கொடுத்தார்" என்ற நான்காவது கேள்வி வேண்டுமென்றே இல்லை, அதற்கு நமக்குப் பயிற்சி தேவையில்லை என்பதால்.

மாதம் ஒரு ஞாயிறு, ஒரே ஆள், 20 நிமிடம், மூன்று கேள்வி. இதைச் சேர்க்கலாம் என்று நினைக்கிறேன். மேலே சொன்ன அடிக்கிறவர் விஷயத்தில் கண்டிப்பாகச் சேர்க்கக்கூடாது. குற்ற உணர்வு ஏற்கெனவே கூடுதலாக உள்ளவர்களும் மூன்றாவதைத் தொட வேண்டாம்.

படிக்கட்டு | பிப்ரவரி 4, இரவு 10.20

புது நோட்டு, 40 பக்கம், உறை ஊற்றுகிற மேடையில். ஞாயிறு மட்டும். சரிபார்க்கவும்:

1. ஞாயிறு காலை 7.30. மாடி வீட்டுக்காரர் அவர் வண்டியை எடுக்கும்போது என் வண்டியையும் நிழலுக்குத் தள்ளி வைத்தார். ஏன்: போன வாரம் சீட் சூடு என்று புலம்பியது அவர் காதில் விழுந்திருக்கும்.
2. ஞாயிறு மாலை. மருந்துக் கடையில் பத்து மாத்திரை அட்டையை வெட்டி நான்கு மட்டும் கொடுத்தார். செலவு: மீதி ஆறு விற்காமல் தங்கலாம். ஏன்: நான்கு போதும் என்று டாக்டர் சீட்டில் இருந்தது, அவர் அதைப் படித்தார்.
3. எட்டு வயசு கேட்காமலே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது.

கோடுபோட்டநோட்டு | பிப்ரவரி 5, காலை 5.55

இரண்டாவது முதல் தரம். மூன்றாவதில் நேரமும் இல்லை, "ஏன்"-உம் இல்லை.

படிக்கட்டு | பிப்ரவரி 5, காலை 7.10

நேரம் ராத்திரி 8.40. ஏன் என்று கேட்டேன். "தெரியலையே" என்றது. உப்புக்கல் சொன்னபடி விட்டுவிட்டேன்.